டாஸ்மேனியாவில் கட்டட சர்வேயர்: அமர்த்துவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்காகக் கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன வீடு கட்டப்போகிறேன் என்று நண்பர்கள் குழுவில் எழுதி, பட வேண்டிய கேலியெல்லாம் பட்டேன். அதன் பிறகு பட்டதுதான் உண்மையான பாடு. பில்டர் நல்லவர், நிலம் சொந்தம், பணமும் ஓரளவுக்குத் தயார். ஆனால் கட்டட சர்வேயர் என்ற ஒருவரைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு இறங்கியதால் மட்டும் எனக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் வீணாகின. நீங்கள் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில், ஹோபார்ட்டிலோ லான்செஸ்டனிலோ புதிதாக வீடு வாங்கி, கூடுதல் அறையோ தனி வீடோ கட்ட நினைப்பவராக இருந்தால் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

1. இவர் நிலம் அளக்கிறவர் அல்ல

சர்வேயர் என்றதும் நமக்குச் சங்கிலியோடு வந்து எல்லைக்கல் தேடுகிறவர்தான் நினைவுக்கு வருவார். நானும் அப்படித்தான் நினைத்து, நில அளவையாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் தருவீர்களா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

இங்கே நிலம் அளப்பவர்கள் வேறு சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்கள். கட்டட சர்வேயர் என்பவர் உங்கள் வரைபடங்கள் தேசியக் கட்டுமான விதித்தொகுப்புக்கும் மாநிலச் சட்டத்துக்கும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, வேலை தொடங்க ஒப்புதல் தந்து, நடுவில் வந்து ஆய்வு செய்து, கடைசியில் குடியேறலாம் என்று கையெழுத்திடுகிறவர். வீடு வாங்கும் முன் விரிசல், ஈரம் பார்த்து அறிக்கை தருகிறவரும் இவர் அல்ல. அது வேறு வேலை.

இன்னொரு குழப்பம் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம். மாநிலத்தில் 29 கவுன்சில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் அனுமதி வழங்கும் அதிகாரம் பெற்ற அமைப்பு. கட்டட சர்வேயர்களோ பெரும்பாலும் தனியார் நிறுவனங்களில் இருக்கிறார்கள். கவுன்சிலில் விண்ணப்பித்துவிட்டால் அவர்களே ஒரு சர்வேயரை அனுப்புவார்கள் என்று நான் மூன்று வாரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அவரைத் தேடிப் பிடித்து அமர்த்த வேண்டியது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.

2. திட்ட அனுமதி வேறு, கட்டட ஒப்புதல் வேறு

திட்ட அனுமதி என்பது அந்த நிலத்தில் அப்படி ஒன்று இருக்கலாமா என்ற கேள்வி. அதைக் கவுன்சில் முடிவு செய்கிறது. விதிகளுக்கு நேரடியாகப் பொருந்தும் விண்ணப்பத்துக்கு 28 நாள். கவுன்சில் தன் விருப்புரிமையில் பரிசீலிக்க வேண்டியதாக இருந்தால் 42 நாள். இரண்டாவது வகையில் 14 நாள் பொது அறிவிப்பும் உண்டு. அண்டை வீட்டார் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கூடுதல் விவரம் கேட்டுக் கவுன்சில் கடிதம் அனுப்பினால் நாள்கணக்கு அங்கேயே நின்றுவிடும். நீங்கள் பதில் கொடுத்த பிறகுதான் மறுபடி ஓடும். எனவே 42 நாள் என்பதை நாள்காட்டியில் எண்ணி, விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

என்னுடையதைப் போன்ற கொல்லைப்புறத் துணை வீட்டின் பரப்புக்கு மாநிலத் திட்டவிதி ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரைபடத்தில் அதை ஒரு சதுர மீட்டர் தாண்டினாலும் அது வேறு வகையாகிவிடும்.

கட்டட ஒப்புதலைப் பொறுத்தவரை, வேலைகளை அபாய அளவின்படி நான்கு வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டும் அபாயம் குறைந்தவை. அவற்றுக்குக் கட்டட சர்வேயர் தேவையில்லை. மூன்றாவது, அறிவிக்கத்தக்க பணி. உரிமம் பெற்ற பில்டர் கட்டும் சாதாரண வீடுகள் பெரும்பாலும் இதில் வரும். இதில் சர்வேயரின் ஒப்புதலும் கவுன்சிலுக்கு அறிவிப்பும் போதும்; கட்டட அனுமதி என்று தனியாக ஒன்று வாங்க வேண்டாம். நான்காவது வகைக்கு சர்வேயரின் சான்றிதழோடு கவுன்சிலின் கட்டட அனுமதியும் வேண்டும். உங்கள் வேலை எந்த வகை என்று பில்டர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் சர்வேயரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு மின்னஞ்சல் என்னிடம் இல்லாமல் போனதற்குப் பின்னால் வருந்தினேன்.

3. உரிமத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

மாநில அரசின் நீதித் துறையின் கீழ் நுகர்வோர், கட்டடம், தொழில்சார் சேவைகளுக்கான அலுவலகம் ஒன்று இருக்கிறது. இங்கே எல்லோரும் அதை சி.பி.ஓ.எஸ். என்றே சொல்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் தொழில் உரிமச் சட்டத்தின்படி கட்டட சர்வேயர்களுக்கு உரிமம் தருவது அதுதான். சர்வேயர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை 2016ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் சொல்கிறது. அதைக் கண்காணிக்கக் கட்டடக் கட்டுப்பாட்டு இயக்குநர் என்ற பதவி இருக்கிறது. பழைய ஆவணங்களில் ‘அங்கீகாரம் பெற்ற’ சர்வேயர் என்று இருக்கும். இன்றைய சொல் உரிமம்.

உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் பொதுவில் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேட ஐந்து நிமிடம் ஆகாது. தேடும்போது உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, உரிமத்தின் வகை. முழு உரிமம் பெற்றவர் எந்தக் கட்டடத்துக்கும் ஒப்புதல் தரலாம். வரையறுக்கப்பட்ட உரிமம் என்றால் உயரத்துக்கும் பரப்புக்கும் எல்லை உண்டு. தேசிய அளவில் வகுத்திருக்கும் எல்லை மூன்று தளம், 2,000 சதுர மீட்டர். சாதாரண வீட்டுக்கு அதுவே தாராளம். மூன்றாவது வகை உதவி சர்வேயர். இவர் உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும். நான் இரண்டு வாரம் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தவர் உதவியாளர் என்பதே எனக்குத் தெரியாது. அவர் மீது தவறு ஒன்றும் இல்லை, கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் ‘சரி’ என்று சொன்ன படிக்கட்டை, கையெழுத்திட வேண்டிய மூத்தவர் ‘சரியில்லை’ என்றார். வரைபடம் மறுபடி வடிவமைப்பாளரிடம் போனது.

இரண்டு, உரிமத்தில் ஏதேனும் நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்பது.

மூன்று, தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு, அதாவது அவருடைய தவறால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு. இது கட்டாயம். சான்றின் நகலைக் கேளுங்கள். எந்தத் தேதி வரை செல்லும், எதையெல்லாம் விலக்கியிருக்கிறார்கள் என்று படியுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வாரோ என்று நான் தயங்கினேன். அவர்களுக்கு இது தினமும் வரும் கேள்வி.

இந்தத் தொழிலுக்கே வர விரும்பும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் சிவில் பொறியியல் பட்டம் மட்டும் இதற்குப் போதாது. கட்டட சர்வேயிங்கில் தனிப் படிப்பும், உரிமம் பெற்றவரின் கீழ் வேலை செய்த அனுபவமும் கேட்பார்கள். தொழிற்கல்வி வழியில் சிபிசி50121 என்ற டிப்ளமாவும் சிபிசி60121 என்ற உயர் டிப்ளமாவும் இருக்கின்றன. வேறு ஆஸ்திரேலிய மாநிலத்தில் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்கு வழி சுருக்கம்: 1992ஆம் ஆண்டின் பரஸ்பர அங்கீகாரச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இந்திய, இலங்கைப் பதிவுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டுமானத் தளத்தில் எடுத்துக்கொண்ட பொறுப்புகளைத் தேதியோடும், மேற்பார்வையாளர் கையெழுத்தோடும் இன்றிலிருந்தே குறித்து வைக்கத் தொடங்குங்கள். பத்து வருட அனுபவத்தைப் பின்னோக்கி நிரூபிப்பது மலையைக் கெல்லி எலி பிடிக்கும் வேலை.

4. நீங்களே அமர்த்துங்கள்

‘எங்களுடைய சர்வேயர் பார்த்துக்கொள்வார்’ என்று பில்டர் சொல்லுவார். அது வசதியாகவும் இருக்கும். ஆனால் கட்டுகிறவரைச் சோதிக்க வேண்டியவரை, கட்டுகிறவரே கூட்டிவந்தால் யார் பக்கம் நிற்பார் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? பில்டர் சொன்ன பெயரையே தேர்ந்தெடுத்தாலும், ஒப்பந்தம் உங்கள் பெயரிலும் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்தும் இருக்கட்டும். அறிக்கைகளும் நேராக உங்கள் மின்னஞ்சலுக்கு வரட்டும். அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவரோ, அதில் பண ஆதாயம் உள்ளவரோ அதற்கே சர்வேயராக இருக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம் நீங்கள் கொடுக்கிறீர்கள் என்பதற்காக அவர் உங்கள் ஆள் ஆகிவிடமாட்டார். விதி மீறினால் உங்களுக்கே அறிவிக்கையும் உத்தரவும் பிறப்பிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. ‘கொஞ்சம் பார்த்து விட்டுக்கொடுங்கள்’ என்ற பேச்சு எடுபடாது. வேலை நடுவில் இருக்கும்போது ஆளை மாற்றுவதும் லேசான காரியம் அல்ல.

சர்வேயரின் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறும். குறைந்தது மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். எனக்கு வந்த மூன்றில் மிகக் குறைவாகத் தெரிந்ததுதான் கடைசியில் அதிகமாகியிருக்கும்: ஆய்வுக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. எத்தனை ஆய்வுகள் சேர்த்தி, மறு ஆய்வுக்கு எவ்வளவு, பயணச் செலவு உண்டா, திருத்திய வரைபடத்தை மறுபடி பார்க்கத் தனியாகக் கேட்பார்களா, இறுதிச் சான்றிதழ்கள் சேர்த்தியா என்று இந்த ஐந்தையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

5. ஆவணக் கட்டு

இங்கேதான் பெரும்பாலானவர்களின் நாட்கள் கரைகின்றன. சர்வேயர் வழங்கும் முதல் முக்கியத் தாளின் பெயர் ‘இணங்கக்கூடும் என்பதற்கான சான்றிதழ்’. வரைபடத்தின்படி கட்டினால் விதிகளுக்கு இணங்கும் என்று அவர் சொல்வது. அதைத் தர அவருக்கு முழுக் கட்டும் வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் கோப்பு மேசையின் அடியில் போய்விடும்.

நிலப் பத்திர நகலும் நிலத்தின் வரைபடமும்: மாநில அரசின் ‘தி லிஸ்ட்’ இணையதளத்தில் கட்டணம் செலுத்தி எடுக்கலாம். அதே தளத்தின் நிலப்படத்தில் உங்கள் மனை காட்டுத்தீ அபாயப் பகுதியிலோ நிலச்சரிவுப் பகுதியிலோ இருக்கிறதா என்று இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். இதை முதல் நாளே செய்யுங்கள்.

திட்ட அனுமதியும், கவுன்சில் முத்திரையிட்ட வரைபடங்களும்: சர்வேயரிடம் கொடுக்கும் வரைபடமும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் ஒரு ஜன்னலை நகர்த்தியிருந்தாலும் கேள்வி வரும்.

உரிமம் பெற்ற வடிவமைப்பாளர் அல்லது கட்டடக் கலைஞரின் வரைபடங்களும், பொறுப்பு வடிவமைப்பாளர் சான்றான 35ஆம் எண் படிவமும்.

மண் பரிசோதனை அறிக்கை: களிமண் ஈரத்துக்கு எவ்வளவு உப்பி எவ்வளவு சுருங்கும் என்பதை வைத்து மனையை வகைப்படுத்துவார்கள். அஸ்திவாரத்தின் ஆழமும் கம்பியின் கனமும் இதைப் பொறுத்தவை. மண் அறிக்கை வரும் முன்னே பில்டரின் விலையை இறுதி செய்துவிட்டால், பின்னால் கூடுதல் தொகை கேட்டு வருவார்.

பொறியாளரின் வரைபடங்கள், கணக்குகள்: மண் அறிக்கை, காட்டுத்தீ மதிப்பீடு போன்றவற்றைத் தகுதி பெற்றவர் தயாரித்தார் என்பதற்கு 55ஆம் எண் படிவம் உண்டு. என் கோப்பில் மண் அறிக்கை இருந்தது, அதன் படிவம் இல்லை. அந்த ஒற்றைத் தாளுக்காக ஒன்பது நாள்.

காட்டுத்தீ அபாயப் பகுதி என்றால் தீ எந்த அளவுக்குத் தாக்கக்கூடும் என்ற மதிப்பீடும், அபாய மேலாண்மைத் திட்டமும் வேண்டும். மிகக் குறைவு என்பதில் தொடங்கி 12.5, 19, 29, 40 என்று ஏறி, தீ நேரடியாகத் தொடும் மண்டலம் வரை போகிறது அளவுகோல். 12.5 என்பதற்கும் 29 என்பதற்கும் இடையே ஜன்னல் கண்ணாடியிலும் வெளிச்சுவர்ப் பலகையிலும் விலை நிறைய வேறுபடும். ஆகவே இந்த மதிப்பீடு வரைபடத்துக்கு முன்பே வர வேண்டியது.

ஒரு சின்னச் சேதி: பெருநிலப்பகுதி (டாஸ்மேனியாவுக்கு வெளியே, மற்ற ஆஸ்திரேலிய மாநிலங்கள்) வடிவமைப்பாளர்களின் வரைபடங்களில் கரையான் தடுப்புக் குறிப்புகள் ஒட்டிக்கொண்டு வரும். தேசிய விதித்தொகுப்பின் கரையான் தடுப்புக் கட்டாயம் டாஸ்மேனியாவுக்குப் பொருந்தாது. நம் ஊர் நினைவில் நானும் அதற்குப் பணம் ஒதுக்கியிருந்தேன், மிச்சமானது.

6. கவுன்சிலுக்குப் போவதும் வரியும்

கட்டட சர்வேயர் பிளம்பிங்கைப் பார்க்கமாட்டார். தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களுக்கான சான்றிதழைக் கவுன்சிலிடம் தனியாக வாங்க வேண்டும். இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று என்று போனது என் இன்னொரு தவறு.

வேலையின் மதிப்பு 20,000 டாலரைத் தாண்டினால் இரண்டு வரிகள் உண்டு: கட்டட நிர்வாகத்துக்கு 0.1 சதவீதம், கட்டுமானத் தொழிற்பயிற்சி நிதிக்கு 0.2 சதவீதம். 2 லட்சம் டாலர் வேலைக்கு 200 சேர்த்து 400, ஆக 600 டாலர். இதோடு கவுன்சிலின் சொந்தக் கட்டணங்கள். அவை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், ஒவ்வொரு நிதியாண்டிலும் புதிய பட்டியல் வரும். ஜூலைக்குப் பிறகு விண்ணப்பிப்பவர்கள் பழைய பட்டியலைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் வேலை தொடங்கலாம் என்று சர்வேயர் எழுத்தில் ஒப்புதல் தருவார். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது என்று அதற்கு முன்னால் மண்வெட்டியை எடுத்துவிடாதீர்கள்.

7. மூடும் முன் காட்ட வேண்டிய நிலைகள்

வானம் தோண்டி முடித்து கான்கிரீட் போடும் முன். கட்டமைப்பு கான்கிரீட் ஊற்றும் முன். மரச்சட்டகம் எழுந்து, அதைப் பலகையால் மூடும் முன். கடைசியாக எல்லாம் முடிந்ததும். இந்த நிலைகளில் பில்டர் சர்வேயருக்குத் தகவல் தர வேண்டும். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மேலே தொடரக் கூடாது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வு காலை பதினொரு மணிக்கு. கான்கிரீட் லாரி ஏழரைக்கே வந்து நின்றது. தேதியைப் பதிவு செய்த இருவரில் ஒருவர் மற்றவரிடம் பேசவில்லை. ‘கம்பியைப் படமெடுத்து அனுப்பிவிடலாம், ஊற்றிவிடுகிறேன்’ என்றார் பில்டர். உருளை சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கோ வயிற்றில் புளி கரைகிறது. சர்வேயரை அழைத்தேன். ‘நான் பார்க்காமல் ஊற்றினால் உடைத்துக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கும்’ என்றார், குரலை உயர்த்தாமல். லாரியைத் திருப்பி அனுப்பினோம். அந்தக் கான்கிரீட்டுக்கும் சேர்த்து பில் வந்தது.

பதினொரு மணிக்கு வந்தவர் பள்ளத்தில் இறங்கி, கம்பிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். மூன்று இடங்களில் கம்பியைத் தாங்க வேண்டிய பிளாஸ்டிக் கட்டைகள் சரிந்து, கம்பி மண்ணிலேயே படுத்திருந்தது. படத்தில் அது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. சரிசெய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நீரை இறைத்து, சேற்றை வாரி, மறு ஆய்வுக்கு மறுபடி நாள் வாங்கி, மொத்தம் பன்னிரண்டு நாள் போனது.

ஆகவே ஆய்வு நாளையும் கான்கிரீட் நாளையும் ஒரே தேதியில் வைக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் விடுங்கள். ஒவ்வொரு ஆய்வு அறிக்கையின் நகலும் உங்களுக்கு வந்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான தவணையை பில்டருக்குக் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள முடிந்தால் நல்லது.

8. தகராறு வந்தால்

முதலில் சர்வேயருக்கே எழுதுங்கள்; தொலைபேசியில் பேசினாலும் அன்றே சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தீராவிட்டால் சி.பி.ஓ.எஸ். அலுவலகத்தில் புகார் செய்யலாம். விசாரணையில் தவறு உறுதியானால் எச்சரிக்கை, அபராதம், நிபந்தனை, உரிமத்தை நிறுத்தி வைத்தல், ரத்து என்ற அளவில் நடவடிக்கை இருக்கும். அது உங்கள் பணத்தை மீட்டுத் தரும் வழி அல்ல என்பதை மனதில் வையுங்கள். பில்டரோடான பணத் தகராறுக்குக் குடியிருப்புக் கட்டுமான ஒப்பந்தங்கள் பற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. ஒப்புதல் மறுப்பு போன்ற முடிவுகளை எதிர்த்து முறையிடும் இடம் டாஸ்மேனியக் குடிமை, நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கே முறையீட்டுக்குக் கெடு குறுகியது. முடிவு வந்த கடிதத்தின் தேதியை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

9. குடியேறும் முன்னும் பின்னும்

வண்ணம் அடித்து, விளக்கு எரிந்து, அம்மா பால் காய்ச்ச நாள் பார்த்துவிட்டார் என்பதற்காகக் குடியேறிவிட முடியாது. சர்வேயரின் குடியிருப்பு அனுமதி வேண்டும். அதற்கு அவர் கேட்பவை: மின்பணி இணக்கச் சான்று, பிளம்பிங் நிறைவுத் தாள்கள், குளியலறை நீர்த்தடுப்புச் சான்று, கூரைச் சட்டகம் தயாரித்தவரின் சான்று, புகை எச்சரிக்கைக் கருவி பொருத்தியதற்கான உறுதி, பில்டர் தன் வேலைக்குத் தரும் தரச் சான்று. இவற்றைக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு நீர்த்தடுப்புக்காரர் தொலைபேசி எடுப்பதில்லை.

இதற்கும் பிறகு நிறைவுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. பலர் குடியிருப்பு அனுமதியோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டில்தான் இருக்கிறோமே, இனி என்ன என்ற நினைப்பு. வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வழக்கறிஞர் கவுன்சிலிடம் உள்ளாட்சிச் சட்டத்தின் 337ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார். முடிவடையாமல் நிற்கும் கட்டடக் கோப்புகள் அதில் தெரிந்துவிடும். அதற்குள் பில்டர் தொழிலை விட்டிருக்கலாம், சர்வேயர் ஓய்வு பெற்றிருக்கலாம். என் கோப்பில் அந்தத் தாள் வந்து சேர நான் நான்கு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. அப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஊர் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார்.